ஓடிப்போகிற நாய்க்கு நன்றி இல்லையா?

பார்சல் வாங்கக் கதவை ஒரு முழம் திறந்தேன். அவ்வளவுதான். என் கால்களுக்கு நடுவே புகுந்து மணி வெளியே போய்விட்டான். கையெழுத்துப் போட எடுத்த பேனாவோடு நானும் பின்னால் ஓடினேன். பத்தடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தான். முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஆட்டினான். "மணி, வா! வாடா இங்கே!" என்று நான் ஓரடி எடுத்து வைத்ததும் மறுபடி ஓட்டம். முக்கால் மணி நேரம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் அவனே களைத்துப்போய், நாக்குத் தொங்க, என் காலடிக்கு வந்து நின்றான். வந்தவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தேன்.

அந்த முக்கால் மணி நேரத்தில் நான் செய்தது அத்தனையும் தப்பு. கடைசியில் வைத்த அடிதான் இருப்பதிலேயே பெரிய தப்பு. அது ஏன் என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

நாய் ஓடிப்போனால் சுற்றியிருப்பவர்கள் வழக்கமாக மூன்று தீர்ப்புகளில் ஒன்றைச் சொல்வார்கள். "நன்றியுள்ள பிராணி என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்." "எவ்வளவு பாசமாக வளர்த்தோம், இப்படிப் பண்ணிவிட்டதே." "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய், நாலு போட்டால் சரியாகும்." மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: நாய் நம்மை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது என்பது. உண்மை என்னவென்றால், ஓடுகிற அந்த நொடியில் அதன் மனத்தில் நாமே இல்லை. கேட்கக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். ஆனால் இதை ஒப்புக்கொள்ளாமல் பயிற்சியில் ஓரடிகூட நகர முடியாது.

எதற்காக ஓடுகிறது?

மாலையில் மும்முரமாக விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை அம்மா வாசலில் நின்று கூப்பிடுகிறார். "இதோ வரேம்மா" என்று குரல் மட்டும் வரும், ஆள் வராது. அந்தப் பிள்ளைக்கு அம்மாமேல் பாசம் இல்லை என்று யாராவது சொல்வோமா? விளையாட்டு அந்த நேரத்தில் வீட்டைவிட ருசியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நாய்க்கு வெளியே இருக்கும் ருசி நம் கற்பனைக்கு எட்டாதது. மனித மூக்கில் வாசனையை உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்று கணக்குச் சொல்வார்கள். நாய்க்கு, இனத்தைப் பொறுத்து, அது பத்துக் கோடியையும் தாண்டும். நமக்கு வெறும் மின்கம்பமாகத் தெரிவது நாய்க்கு அன்றைய செய்தித்தாள்: யார் வந்தார்கள், எப்போது போனார்கள், ஆணா பெண்ணா, எல்லாம் அதில் இருக்கிறது. போதாக்குறைக்கு ஓடும் அணில், ஓடும் பூனை, ஓடும் சைக்கிள். இனத்துக்கு இனம் இழுப்பும் மாறும். பீகிள் மூக்கு போகிற பக்கம் போகும். ஹஸ்கி, ஓடுவதற்காகவே ஓடும். கிரேஹவுண்ட் கண்ணில் ஏதாவது அசைந்தால் போதும், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடித்துவிடும்; அதைத் துரத்திப் பிடிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கருத்தடை செய்யாத ஆண் நாய்க்குப் பருவத்தில் இருக்கும் பெண் நாயின் வாசனை வெகுதூரத்திலிருந்தே எட்டிவிடும். நாள் முழுக்க ஒரு மூலையில் கட்டிக்கிடக்கும் நாய்க்கோ, வெளியே என்ன இருந்தாலும் அது திருவிழாதான்.

இதெல்லாம் ஒன்றை நோக்கி ஓடுவது. ஒன்றிலிருந்து தப்பி ஓடுவது வேறு வகை. வெடிச்சத்தம், இடி, அடிக்கிற கை, நேற்றுத்தான் வந்து சேர்ந்த புது வீடு ஆகியவற்றுக்குப் பயந்து ஓடும் நாய் விளையாடவில்லை; உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மருந்து வேறு. இரண்டாவது வகையைக் கடைசியில் பார்க்கலாம்.

சுருக்கமாக இதுவரை: நாய் நம்மைவிட்டு ஓடுவதில்லை, எதையோ தேடி ஓடுகிறது. வெளியே கிடைப்பதைவிட நம்மிடம் வருவது லாபம் என்று அதற்குத் தோன்ற வைப்பதுதான் பயிற்சி.

"வா" என்ற சொல்லுக்கு நாயின் அகராதியில் என்ன பொருள்?

உங்கள் போன் அடிக்கிறது. திரையில் ஒரு பெயர். கொடுத்த கடனைக் கேட்க மட்டுமே கூப்பிடுகிற ஒருவர் அவர். எடுப்பதற்கு முன்பே முகம் சுருங்கிவிடும். இன்னொரு பெயர் வந்தால், அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமலேயே உதட்டில் சிரிப்பு வந்துவிடும். பெயர் வெறும் எழுத்துதான். அதற்குப் பின்னால் வழக்கமாக என்ன வந்ததோ, அதுதான் அந்த எழுத்துக்குப் பொருள் தருகிறது.

இதைச் சோதனைச் சாலையில் காட்டியவர் ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லவ். ஜீரணத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு வருவதற்கு முந்தைய அறிகுறிகளுக்கே நாய்களுக்கு எச்சில் ஊறுவதைக் கவனித்தார். ஒரு ஒலி, உடனே உணவு, ஒலி, உணவு, இப்படிப் பலமுறை செய்த பிறகு ஒலி மட்டும் கேட்டாலே போதும், எச்சில் ஊறிற்று. இதற்குப் பாடப்புத்தகப் பெயர் ஆக்கநிலையுறுத்தல்: பொருளற்ற ஓர் அடையாளம், தனக்குப் பின்னால் வருவதன் பொருளை வாங்கிக்கொள்வது. (பாவ்லவ் என்றாலே எல்லோரும் மணியைச் சொல்வார்கள். என் நாயின் பெயரும் மணி என்பதால் இந்தக் கதையை வீட்டில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அவன் எழுந்து வந்துவிடுவான்.)

பாவ்லவ் காட்டியது உணர்வு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை. செயல் எப்படிப் பழக்கமாகிறது என்பது அடுத்த படி. அமெரிக்காவில் எட்வர்ட் தோர்ன்டைக் பூனைகளைத் தாழ்ப்பாள் போட்ட பெட்டிக்குள் அடைத்து, வெளியே உணவை வைத்தார். பூனை அங்கும் இங்கும் பிறாண்டி, தற்செயலாகத் தாழ்ப்பாளைத் தட்டி வெளியே வரும். அடுத்தடுத்த முறைகளில் அதற்கு ஆகும் நேரம் குறைந்துகொண்டே போயிற்று. அதை 1898இல் வெளியிட்டார். ஒரு செயலுக்குப் பின் நல்லது நடந்தால் அந்தச் செயல் மறுபடி நடக்கும் என்பதே சாரம். செயலைப் பலப்படுத்தும் அந்த நல்லதை வலுவூட்டல் என்கிறோம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நாயை எப்போதெல்லாம் "வா" என்று கூப்பிடுகிறோம்? குளிப்பாட்ட. நகம் வெட்ட. காதில் மருந்து ஊற்ற. விளையாட்டை முடித்துக் கட்டிப்போட. வாயில் கவ்வியிருக்கும் செருப்பைப் பிடுங்க. ஒருநாள் நானே குறித்து வைத்துப் பார்த்தேன்: மணியை 11 முறை "வா" என்றிருந்தேன். 8 முறை அதற்குப் பின்னால் அவனுக்குப் பிடிக்காத ஏதோ ஒன்று நடந்திருந்தது. கடன்காரர் பெயர் திரையில் வருவதுபோல, அவன் காதில் என் குரல் விழுந்திருக்கிறது. நான் போட்டதைத்தானே நான் அறுப்பேன்.

திரும்பி வந்த நாயை அடித்தால்

முக்கால் மணி நேரம் ஓடிய நாயை அடிக்கும்போது நாம் தண்டிப்பது ஓடியதை என்று நினைக்கிறோம். நாயின் கணக்கு வேறு. அது கடைசியாகச் செய்த காரியம் என்ன? நம்மிடம் வந்தது. அடி விழுந்தது அதற்குத்தான். அடுத்த முறை அது இன்னும் கவனமாக இருக்கும்: பத்தடிக்குப் பதில் இருபதடி தள்ளி நிற்கும்.

"அதற்குத் தப்பு செய்தது தெரியும், மூஞ்சியைப் பாருங்கள்" என்பார்கள். காதைத் தாழ்த்தி, கண்ணைத் திருப்பி, வாலை இடுக்கிக்கொண்டு நிற்கும் அந்த முகம் நமக்குக் குற்ற உணர்ச்சியாகத் தெரிகிறது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட சோதனையில் இதைப் பிரித்துப் பார்த்தார். தொடக்கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தைச் சில நாய்கள் தின்றன, சில தொடவில்லை. வளர்ப்பவர்களுக்கோ சில சமயம் நடந்ததை மாற்றிச் சொன்னார்கள். அந்த 'குற்றவாளி முகம்' வந்ததற்கும் நாய் தின்றதற்கும் சம்பந்தம் இல்லை. வளர்ப்பவர் திட்டினாரா இல்லையா என்பதற்குத்தான் சம்பந்தம் இருந்தது. தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அந்த முகத்தைக் காட்டியது. "கோபப்படாதே" என்று கெஞ்சும் முகம் அது.

ஆகவே, எவ்வளவு நேரம் அலைக்கழித்திருந்தாலும் சரி, வந்து சேர்ந்த நாய்க்குப் பாராட்டு மட்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டாவது.

புதிய சொல், புதிய கணக்கு

கூப்பிட்டதும் திரும்பி வருவதைப் பயிற்சியாளர்கள் 'ரீகால்' என்பார்கள். உங்கள் வீட்டில் "வா" ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் அதைச் செப்பனிட மெனக்கெட வேண்டாம். புதுச் சொல் ஒன்றை எடுங்கள். விசிலும் நல்ல தேர்வு: எவ்வளவு கோபத்தில் ஊதினாலும் அதன் குரல் மாறாது. நாங்கள் எடுத்த சொல் "டிங்டாங்". சிரிக்க வேண்டாம், மணிக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் தோன்றவில்லை.

முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும். நாய் இரண்டடி தூரத்தில் சும்மா நிற்கும்போது சொல்லை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். உடனே வாயில் ஒரு துண்டு கோழிக்கறி. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்தது, பட்டாணி அளவு போதும். தினமும் சாப்பிடும் பிஸ்கட் இந்த வேலைக்கு உதவாது. அணிலோடு போட்டி போட வேண்டிய பரிசு இது. அந்தச் சொல்லுக்கு மட்டுமே கிடைக்க வேண்டும். சொல் காதில் விழுந்ததும் தலை சட்டென்று திரும்பினால், பாவ்லவ் வேலை முடிந்தது என்று அர்த்தம். இனி நாலு அடி, அடுத்த அறை, மாடி என்று தூரத்தைக் கூட்டலாம்.

இங்கே ஓர் ஒழுங்கு முக்கியம். கையில் கறியைக் காட்டிக் கூப்பிட்டால் அது லஞ்சம்: காட்டினால் வரும், காட்டாவிட்டால் வராது. சொல்லைச் சொல்லி, அது வந்த பிறகு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அது சம்பளம். சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் கூடாது. "டிங்டாங், டிங்டாங், டேய் டிங்டாங்" என்றால், மூன்றாவது முறைக்குத்தான் வர வேண்டும் என்று நாய் கற்றுக்கொள்ளும். பரிசு கொடுக்கும்போது இன்னொரு கையால் கழுத்துப் பட்டையை லேசாகப் பிடித்து விடுங்கள். இல்லாவிட்டால் கறியை மட்டும் லபக்கென்று பிடுங்கிக்கொண்டு கைக்கு எட்டாமல் நழுவும் கலையில் தேறிவிடும்.

பரிசு எப்போதும் தின்பண்டமாகத்தான் இருக்க வேண்டுமா என்றால், இல்லை. வீட்டுப்பாடம் முடித்தால் விளையாடப் போகலாம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அதே தந்திரம்தான். அதிகம் விரும்பும் செயலையே குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக வைக்கலாம் என்பதை 1959இல் டேவிட் பிரமாக் என்ற உளவியலாளர் ஒரு விதியாகவே எடுத்துச் சொன்னார். மைதானத்தில் பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை, வந்ததும் தட்டிக் கொடுத்து "போ, விளையாடு" என்று திருப்பி அனுப்புங்கள். கூப்பிட்டாலே ஆட்டம் முடிந்தது என்ற பயம் போய்விடும். எனக்குத் தெரிந்து இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. பலன் தருவதில் இதற்கு ஈடு இல்லை.

கயிறு ஏன் வேண்டும்?

வீட்டுக்குள் தங்கமாக வருகிற நாய், வெளியே போனதும் காதே இல்லாததுபோல் நடந்துகொள்ளும். உடனே "வேண்டுமென்றே பண்ணுகிறது" என்று தோன்றும். காலி மைதானத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றவரை முதல் நாளே நெரிசலான சாலையில் இறக்கினால் தடுமாறுவார் அல்லவா? நாய்க்கு இது இன்னும் கடினம். கூடத்தில் கற்ற பாடத்தைக் கூடத்துப் பாடமாகவே அது வைத்துக்கொள்ளும். வேறு இடம், வேறு தூரம், வேறு கவனச் சிதறல் என்று ஒவ்வொன்றிலும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் கடினமாக்குங்கள். பூங்காவுக்கு முதன்முதலாகப் போகிறோம் என்றால், தூரம் மறுபடி இரண்டடிதான்.

இந்த நாட்களில் நாய் ஐந்து முதல் பத்து மீட்டர் நீளமுள்ள கயிற்றில் இருக்க வேண்டும். கயிற்றின் கொக்கி கழுத்துப் பட்டையில் இல்லாமல், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் மாட்டப்பட வேண்டும். முழு வேகத்தில் ஓடிக் கயிறு முடியும் இடத்தில் இழுபடும்போது கழுத்து தாங்காது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஒருமுறை சுற்றினேன், உள்ளங்கைத் தோல் உரிந்து பத்து நாள் சாதம் பிசைய முடியவில்லை. தானாகச் சுருளும் வகைக் கயிறு இதற்கு ஆகாது. அது எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருப்பதால், இழுத்தால் நீளும் என்ற பாடத்தைத்தான் சொல்லித்தரும்.

கயிறு நாயை இழுத்துவர இல்லை. ஓடி ஜெயிக்கும் வாய்ப்பை அடைக்கத்தான். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். ஓட்டமே பரிசு என்று பார்த்தோம். அப்படியானால் நாய் தப்பி ஓடும் ஒவ்வொரு முறையும், ஓடியதற்காக அதற்குச் சம்பளம் கிடைத்துவிடுகிறது. நாம் கொடுக்க வேண்டியதில்லை, தெருவே கொடுக்கிறது. "பத்தில் ஒரு தடவைதானே ஓடுகிறது" என்று விட்டுவிடவும் முடியாது. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டியது இதைத்தான்: ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பரிசைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் அவ்வப்போது கிடைக்கும் பரிசு பழக்கத்தைப் பிடிவாதமாக்கும். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் நூறு முறை தோற்றாலும் நிறுத்துவதில்லையே, அதுபோல. எப்போதாவது கதவு வழியாக நழுவ முடிகிற நாய், அந்த எப்போதாவதுக்காகவே ஒவ்வொரு முறையும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதே லாட்டரியைப் பிறகு நம் பக்கமும் திருப்பலாம். சொல் நன்றாகப் பதிந்த பின், சில முறை வெறும் தட்டிக்கொடுத்தல், சில முறை ஒரு துண்டு, எதிர்பாராத ஒருநாள் கை நிறைய. அடுத்தது எதுவோ என்ற ஆவலிலேயே ஓடிவரும். ஆனால் அவசரப்பட்டு முதல் மாதமே கஞ்சத்தனம் காட்ட வேண்டாம்.

நன்றாக வந்துகொண்டிருந்த குட்டி திடீரென்று மறந்ததுபோல் நடந்தால் அதன் வயதைப் பாருங்கள். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை விடலைப் பருவம். பிரிட்டனில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், 8 மாத நாய்கள் வளர்ப்பவர் "உட்கார்" என்றால் அடம்பிடித்தன. அதையே முன்பின் தெரியாதவர் சொன்னால் உட்கார்ந்தன. பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கயிற்றை மறுபடி மாட்டிவிட்டுப் பொறுத்திருங்கள்.

இந்தப் பகுதியில் மனத்தில் நிற்க வேண்டியது: கற்கும் காலத்தில் ஓடி ஜெயிக்க விடக்கூடாது. அதற்குக் கயிறு. இடம் மாறினால் பாடம் முதலிலிருந்து.

கதவு

கதவுக்குத் தனிப் பாடம் உண்டு, ஆனால் சின்னது. நாய் உட்கார்ந்திருந்தால் கதவு திறக்கும், எழுந்தால் மூடிக்கொள்ளும். கத்த வேண்டாம், இழுக்க வேண்டாம், கதவே சொல்லிக்கொடுக்கும். முதல் நாள் ஒரு விரல் இடைவெளி திறப்பதற்குள் மணி பதினாறு முறை எழுந்தான். நானும் பதினாறு முறை மூடினேன். நான்காம் நாள் முழுக் கதவும் திறந்திருக்க, உட்கார்ந்தபடி என் முகத்தைப் பார்த்தான். இருந்தாலும் விருந்தாளி வரும் வீடு என்றால் உள்ளே குறுக்காக ஒரு தடுப்பு வைப்பது புத்திசாலித்தனம். நாய்க்குப் பாடம் தெரியும், விருந்தாளிக்குத் தெரியாது.

மின்சாரப் பட்டை, கருத்தடை

ஷாக் கொடுக்கும் கழுத்துப் பட்டை பற்றிக் கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியாத வேலி என்று விற்பதும் அதுதான். எல்லையைத் தாண்டினால் ஷாக் அடிக்கும். பூனையைத் துரத்தும் வெறியில் இருக்கும் நாய் அந்த ஷாக்கைப் பொருட்படுத்தாமல் தாண்டிவிடும். வெறி அடங்கித் திரும்ப நினைக்கும்போது அதே கோட்டில் அதே வலி காத்திருக்கிறது. உள்ளே வர பயந்து வெளியிலேயே நின்றுவிடும். வேல்ஸ் நாட்டில் ஷாக் பட்டையை 2010இலேயே தடை செய்துவிட்டார்கள். நான் அதைத் தொடமாட்டேன்.

கருத்தடை, ஆண் நாய்கள் பெண் வாசனை தேடி அலைவதைக் குறைக்கும். அணிலைத் துரத்துவதை அது குறைக்காது. எந்த வயதில் செய்வது என்பது இனத்துக்கு இனம் மாறும். கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடியே விட்டால்

விளையாட்டாக ஓடும் நாயின் பின்னால் ஓடாதீர்கள். அன்று மணி நெஞ்சைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கியது நாய்ப் பாஷையில் "என்னைப் பிடி பார்க்கலாம்" என்ற அழைப்பு. நான் ஓடியதன் மூலம் "சரி, ஆட்டத்துக்கு நான் தயார்" என்று பதில் சொல்லிவிட்டேன். நாலு கால் உள்ளதை இரண்டு கால் எங்கே பிடிப்பது? அதற்கு எதிர்த்திசையில் ஓடுங்கள். துரத்தும் ஆசை அதற்கும் உண்டு. அல்லது அப்படியே தரையில் உட்கார்ந்து, மண்ணில் எதையோ கண்டெடுத்தவர்போல் கிளறிக்கொண்டிருங்கள். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சமாகத்தான் இருக்கும். பெரும்பாலான நாய்களுக்கு அந்த ஆவலை அடக்க முடியாது.

பயந்து ஓடிய நாய்க்கு இது ஒத்துவராது. ஆள் சேர்த்துக்கொண்டு பெயரைக் கத்தித் தேடினால் இன்னும் தூரம் போகும். பலத்த பீதியில் சொந்த வீட்டு ஆளையே அடையாளம் காணாமல் ஓடுவது உண்டு. கடைசியாகப் பார்த்த இடத்தில் உங்கள் பழைய சட்டை, அதன் படுக்கை, கொஞ்சம் உணவு வைத்துவிட்டு, அமைதியாகத் தள்ளி உட்காருங்கள். நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்காருவது நல்லது. புதிதாக வீட்டுக்கு வந்த நாயை முதல் சில வாரங்கள் வெளியே கயிறு இல்லாமல் விடவே வேண்டாம். அதற்கு இன்னும் இது வீடு என்று ஆகவில்லை.

மைக்ரோசிப் போட்டிருக்கிறோம், போனில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். தோலுக்கடியில் வைக்கும் அந்தச் சிப் அரிசி அளவுதான். அதில் பேட்டரி இல்லை, இருக்குமிடம் சொல்லாது. ஸ்கேனரை அருகில் காட்டினால் பெரும்பாலும் 15 இலக்க எண் ஒன்றைத் தரும். அந்த எண்ணோடு பதிவான உங்கள் தொலைபேசி எண் பழையது என்றால் அதுவும் பயனில்லை. இடம் தெரிய வேண்டுமானால் ஜி.பி.எஸ். பட்டை வேண்டும், அதற்குச் சார்ஜ் போட வேண்டும். எல்லாவற்றையும்விட வேகமாக நாயை வீட்டுக்குக் கொண்டுவருவது, கழுத்தில் தொங்கும் தகட்டில் பொறித்த போன் நம்பர்தான்.

மணிக்கு இப்போது ஐந்து வயது. வாசல் கதவு திறந்திருக்க, உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பான். மைதானத்தின் மறுகோடியிலிருந்து "டிங்டாங்" என்றால் காது பறக்க வருவான். பத்தில் ஒன்பது முறை. பத்தாவது முறை அணில். அதனால் சாலையோரம் போகும்போது கயிறு இன்றைக்கும் உண்டு. பழைய "வா" மட்டும் கடைசிவரை திருந்தவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது ஆசையாக "மணி, வா வா" என்றால், சத்தமில்லாமல் எழுந்து கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.